ஓரறை ஆட்டத்தை நான்கு ஊர்களிலிருந்து ஆடுமாறு

1993-ம் ஆண்டு டிசம்பர் 10-ம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்ஸாஸ் மாநிலத்துச் சிறு நிறுவனமாகிய இட் ஸாப்ட்வேர், 'டூம்' என்னும் கணினி விளையாட்டொன்றை உலகிற்கு அளித்தது. மூன்று காண்டங்களாக அமைந்த அதன் முதற்காண்டத்து ஒன்பது களங்களை யாவரும் விலையின்றிப் பெற்று ஆடலாம். பிறர்க்கும் படியெடுத்துக் கொடுக்கலாம். எஞ்சிய காண்டங்களுக்கே பொருள் செலுத்துதல் வேண்டும். 386 என்னும் எண்ணால் வழங்கிய செயலியும் நான்கு மெகாபைட் நினைவகமும் உடைய கணினி அதற்குப் போதியதாயிருந்தது. நம் நாட்டில் விதேஷ் சஞ்சார் நிகாம் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ம் நாளே. ஆதலின் டூம் இந்நாட்டிற்குள் கம்பி வழியாக ஓடி வந்ததன்று. நண்பர் கைமாற்றிய வட்டுக்களிலும், பின்னாளில் கணினி இதழ்களோடு இணைந்து வந்த குறுந்தகடுகளிலும் மெல்ல ஏறி வந்தது.

இவ்வாட்டம் நரகத்தினின்று எழுந்த பேய்களைச் சுட்டு வீழ்த்துவது. மிஷன் கல்லூரி மாணவனொருவன் இதனைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பாகலாம். பேய்களின் பக்கத்தில் நின்று ஆடுவார் இதில் எவருமிலர் என்பதை மட்டும் ஈண்டுச் சொல்லி வைப்பல். யான் சொல்ல விழைந்த பொருள் பேய்களன்று. நால்வர்வரை ஒரே களத்துள் ஒருங்கு நின்று ஆடலாம் என்னும் அதன் சிறப்பும், அந்நால்வரும் நான்கு ஊர்களில் இருப்பின் அச்சிறப்பைக் காத்துக்கொள்ளும் வழியுமே இங்குக் கூறும் பொருள்.

நம் விடுதியொன்றில் ஓரறையில் அமர்ந்து ஆடிப் பழகிய மாணவர் நால்வரைக் கருதுக. கோடை விடுமுறை வந்ததும் ஒருவர் மேடவாக்கத்திலும், ஒருவர் வேலூரிலும், ஒருவர் பாளையங்கோட்டையிலும், மற்றொருவர் நாகர்கோவிலிலுமாகப் பிரிந்துவிடுகின்றனர். மூன்றாம் ஆண்டு முடிந்தபின் இப்பிரிவு இன்னும் நெடிதாகும். இவர்கள் மீண்டும் ஒரு மாலைப்பொழுது ஒருங்கு கூடுவது எங்ஙனம்?

புதிய விளையாட்டு ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டால் அரை நாழிகையில் கூடிவிடலாமே என்பர். உண்மையே, ஆனால் அங்கே கூடும் மன்றம் ஆடுவோருடையதன்று. 2020-ம் ஆண்டு செப்டம்பர் 2-ம் நாள் இந்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தபோது அவற்றுள் பப்ஜி மொபைலும் ஒன்றாயிற்று. அக்டோபர் 30-ம் நாள் அதன் சர்வர்கள் இந்நாட்டவர்க்கு மூடப்பட்டன. அவ்வாணை தக்கதா தகாததா என ஆராய்தல் என் நோக்கமன்று. கணினியும் கைப்பேசியும் பழுதின்றி இருக்கவும், ஆடுவோரும் விழித்திருக்கவும், ஆட்டம் மட்டும் ஒருநாளில் இல்லையாயிற்று என்பதே கருதத்தக்கது. அரசின் ஆணை இன்றியும் இது நிகழும். கேம்ஸ்பை என்னும் நிறுவனம் 2014-ம் ஆண்டு மே 31-ம் நாளோடு தன் சேவையை நிறுத்தியபோது, ஆடுவோரை ஒன்றுகூட்டுதற்கு அதனையே நம்பியிருந்த பல பழைய விளையாட்டுக்கள் ஊமையாயின. விலைகொடுத்து வாங்கிய வட்டு கையில் இருந்தும் பயனில்லை. டூமோ எந்த நிறுவனத்தின் வாயிலிலும் போய் நிற்பதில்லை. ஆடுவோர் கணினிகளே தமக்குள் பேசிக்கொள்ளும். முப்பது ஆண்டு கடந்தும் அது உயிரோடிருப்பதற்கு இதுவே காரணம். அதனை இயங்கச் செய்தற்கு நாம் சிறிது உழைக்க வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம்.

அக்கணினிகள் தமக்குள் என்ன பேசுகின்றன என்பதை முதலில் அறிதல் நலம். நால்வர் திரையிலும் ஒரே களம் தோன்றுகின்றது. பேய்கள் ஒரேவிதமாக நகர்கின்றன. இவற்றின் இருப்பிடமெல்லாம் கம்பி வழியே அனுப்பப்படுகின்றன என்று பலரும் எண்ணுவர். அங்ஙனமன்று. டூம் ஒரு நொடியை 35 கூறாகப் பகுக்கின்றது. ஒவ்வொரு கூறிலும், 'யான் முன்னே நடந்தேன், இடப்புறம் திரும்பினேன், சுட்டேன்' என்னும் அளவிலான சிறு செய்தியை மட்டுமே ஒவ்வொரு கணினியும் ஏனைய மூன்றுக்கும் அனுப்புகின்றது. நால்வர் செய்தியும் வந்து சேர்ந்தபின், நான்கு கணினிகளும் தனித்தனியே கணக்கிட்டு, அடுத்த நிலையைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. கணக்கு ஒன்றாயின் விடையும் ஒன்றே யாதலின் நான்கு உலகங்களும் ஒன்றுபோலவே நடக்கின்றன.

இங்கே ஓர் ஐயம் எழும். பேய் எறியும் தீயுருண்டை எவ்வளவு ஊறு செய்யும் என்பது தற்செயலாய் அமைவதாயிற்றே. நான்கு கணினிகளும் தத்தமக்குத் தோன்றியவாறு பகடை உருட்டினால் உலகங்கள் வேறுபட்டுப் போகாவோ? இதற்கு ஆக்கியோர் கண்ட உபாயம் மிக எளிது. யான் பெரிதும் வியந்ததும் இதனையே. 256 எண்களைக் கொண்ட பட்டியலொன்றை ஆட்டத்தினுள்ளேயே எழுதிவைத்தனர். பகடை வேண்டும்போதெல்லாம் கணினி அப்பட்டியலில் அடுத்த எண்ணை எடுத்துக்கொள்ளும். இறுதியை எட்டினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். நால்வர் கையிலும் ஒரே பட்டியல். நால்வரும் ஒரே இடத்தில் விரல் வைத்திருக்கின்றனர். ஆடுவோனுக்குத் தற்செயலாய்த் தோன்றுவது கணினிக்கு முன்னரே எழுதப்பட்டதாயிருக்கின்றது. (ஊழைப் பற்றி உரையாட விரும்பும் தத்துவ வகுப்பு நண்பர்கட்கு இவ்விடத்தை விட்டுவிடுகின்றேன்.)

இம்முறையால் விளையும் நன்மை, செய்தி மிகச் சிறிதாதல். விளையும் தீமை, நால்வருள் மிக மெல்லச் செல்பவர்க்காக ஏனை மூவரும் காத்திருத்தல். கணினியின் மந்தமும் கம்பியின் மந்தமும் இங்கு ஒன்றே.

இனி, அச்செய்தியைச் சுமந்து செல்வது யாதெனின், அக்காலத்து ஐபிஎக்ஸ் என்னும் மரபு. நோவெல் என்னும் நிறுவனம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் கணினிகளை ஒன்றோடொன்று பிணைப்பதற்கு வகுத்தது அது. ஓரறையில், அல்லது ஒரு கட்டடத்தில், ஒரே கம்பியில் கட்டுண்ட கணினிகளுக்கு அது மிகப் பொருந்தும். முகவரி எழுதவேண்டுவதில்லை, அட்டையில் பொறித்த எண்ணே முகவரியாம். ஆட்டம் தொடங்கும்போது ஒரு கணினி அறை முழுதும் கேட்குமாறு 'ஆட வருவார் உளரோ?' என்று கூவும். கேட்டவை விடை கூறும். டூமின் முதற்பதிப்போ தொடக்கத்தில் மட்டுமன்றி ஆட்டம் முழுதும் இங்ஙனம் கூவிக்கொண்டேயிருந்தது. அதனால் அமெரிக்கக் கல்லூரிகள் சிலவற்றின் வலைகள் இரைச்சலால் நிறைந்து, கணினிப் பொறுப்பாளர்கள் இவ்வாட்டத்தை விலக்கவேண்டியதாயிற்று. 1994-ம் ஆண்டு வெளிவந்த திருத்தப் பதிப்பு இக்குறையை நீக்கியது.

ஆனால் ஓரறையில் கூவிய குரல் அடுத்த ஊருக்குக் கேளாது. இணையம் பேசும் மொழி ஐபிஎக்ஸ் அன்று. வின்டோஸ் விஸ்டா தொடங்கி மைக்ரோஸாப்ட் நிறுவனமும் அம்மொழியைத் தன் இயக்குதளத்தினின்று நீக்கிவிட்டது. ஆகவே இன்றைய மடிக்கணினியில் டூம் ஊமை மட்டுமன்று, செவிடுமாம்.

இதற்கு மருந்தாவது டாஸ்பாக்ஸ். விலையின்றிக் கிடைக்கும் இம்மென்பொருள், இக்காலக் கணினியினுள்ளே பழைய டாஸ் கணினியொன்றைப் பொய்யாகப் படைத்துக் காட்டும். அதனோடு பொய்யான ஐபிஎக்ஸ் கம்பியொன்றையும் மாட்டி வைக்கும். பழைய ஆட்டம் அக்கம்பியில் கூவுவதை டாஸ்பாக்ஸ் கேட்டு, ஒவ்வொரு சொல்லையும் இணைய உறையினுள் இட்டு, யூடிபி என்னும் தூதின்வழி அனுப்பும். அங்கே மற்றொரு டாஸ்பாக்ஸ் உறையைப் பிரித்து உள்ளே உள்ளதைத் தன் ஆட்டத்தின் செவியில் ஓதும். ஆட்டத்திற்கோ தான் ஓரறையில் இருப்பதாகவே எண்ணம். தமிழில் அன்னத்தையும் கிளியையும் முகிலையும் தூது விடும் பிரபந்தங்கள் உள. விடுத்த தூது சேர்ந்ததா என்று உறுதி கூறுவார் இலர். யூடிபியும் அத்தகைய தூதே, சென்றதோடு சரி. வழியில் தொலைந்த செய்தியை மீண்டும் கேட்டுப் பெறும் பொறுப்பை டூமே ஏற்றுக்கொள்கின்றது.

செய்முறை இது. டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பினைத் திறந்து, ஐபிஎக்ஸ் என்னும் தலைப்பின்கீழ் 'ஃபால்ஸ்' என்றிருப்பதை 'ட்ரூ' என்று மாற்றுக. நால்வரும் இதனைச் செய்தல் வேண்டும். பின்பு ஒருவர் மட்டும் 'ஐபிஎக்ஸ்நெட் ஸ்டார்ட்சர்வர்' என்னும் கட்டளையைத் தட்டுவர். அவரே மன்றம் வகுப்பவர். ஏனை மூவரும் 'ஐபிஎக்ஸ்நெட் கனெக்ட்' என்று தட்டி, அதன்பின் அவருடைய ஐபி முகவரியை எழுதுவர். 'ஐபிஎக்ஸ்நெட் பிங்' எனத் தட்டினால் யார் யார் வந்துள்ளனர் என்பது விளங்கும். அதன்பின் டூம் இருக்கும் அடைவில் நால்வரும் 'ஐபிஎக்ஸ்செட்டப்' என்று தட்டி, ஒரு சிறு கோடிட்டு 'நோட்ஸ்' எனவும் நான்கு எனவும் சேர்த்தால், நால்வரும் கூடுமளவும் காத்திருந்து ஆட்டம் தொடங்கும். 'டெத்மாட்ச்' என்பதைச் சேர்த்தால் ஒருவரையொருவர் சுடும் ஆட்டமாம்; சேர்க்காவிடின் நால்வரும் கூடிப் பேய்களை எதிர்ப்பதாம். பின்னதே எனக்கு உவப்பு. இக்கட்டளைகளை யெல்லாம் ஆங்கில எழுத்திலேயே தட்டவேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

முதலில் ஓரறையிலேயே இதனைச் சோதித்துக்கொள்க. நம் மாநில அரசு 2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ம் நாள் தொடங்கிய திட்டத்தின்கீழ் பள்ளி மாணவர்க்கு வழங்கிய இலவச மடிக்கணினியே இதற்கு மிகையானது. தொடக்கத்தில் வின்டோஸின் தீச்சுவர், 'இம்மென்பொருளை வலையில் விடலாமா?' என்று வினவும். இசைவு தருதல் வேண்டும். விடுதிகளின் வைஃபையில் ஒரு தடை நேர்வதுண்டு. பல விடுதிகளில் ஒருவர் கருவி மற்றொருவர் கருவியோடு நேரே பேசவொண்ணாதவாறு பிரித்தே வைத்திருப்பர். நோய்நிரல்கள் பரவாமைக்கு அஃது ஏற்றதே. அதனை உடைக்க முயலற்க. ஒருவர் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் நால்வரும் இணைந்தால், அல்லது சிறு ஸ்விட்ச் ஒன்றும் நான்கு கம்பிகளும் கொண்டு தனிவலை அமைத்தால், பொதுவலையைத் தொடாமலே காரியம் கைகூடும்.

இனி நான்கு ஊர்களின் செய்தி. இதனை விளக்க மேடவாக்கமே எனக்கு உவமை தருகின்றது. வேளச்சேரி-தாம்பரம் சாலையின் இருமருங்கும் இந்நாளில் அடுக்ககங்களே மிகுதி. ஒவ்வொன்றின் வாயிலிலும் வாட்ச்மேன் ஒருவர் பதிவேட்டோடு அமர்ந்திருப்பார். உள்ளிருந்து ஒருவர் வெளியே சொல்லியனுப்பி வரவழைத்த பொருளாயின் அதனை உள்ளே விடுவார். கேளாமல் வந்த புதியவரை, 'எந்த வீட்டிற்கு?' என்று மறிப்பார். வீட்டிலுள்ள ரவுட்டர் அத்தகைய வாட்ச்மேனே. வீட்டினுள் கணினிக்கும் கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் 192.168 எனத் தொடங்கும் வீட்டு எண்கள் உண்டு. வெளியுலகிற்கோ வீடு முழுதிற்கும் ஒரே முகவரி. உள்ளிருந்து சென்ற செய்திக்கு விடை வந்தால் ரவுட்டர் பதிவேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். பாளையங்கோட்டை நண்பரின் அழைப்போ கேளாமல் வருவது, ஆதலின் மறிக்கப்படும்.

ஆகவே மன்றம் வகுப்பவர் தம் வாட்ச்மேனிடம் முன்னரே சொல்லிவைத்தல் வேண்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்னும் பகுதியிற் சென்று, யூடிபி 213 என்னும் வாயிலெண்ணுக்கு வருவதையெல்லாம் தம் கணினியின் வீட்டு எண்ணுக்கு விடுமாறு எழுதவேண்டும். டாஸ்பாக்ஸ் தானே மேற்கொள்ளும் எண் 213. லினக்ஸில் 1024-க்குக் குறைந்த எண்களைத் திறக்கத் தனியுரிமை வேண்டுமாதலின், வேறொரு பெரிய எண்ணைக் கட்டளையின் இறுதியில் எழுதிக்கொள்ளலாம். அங்ஙனமாயின் நால்வரும் அவ்வெண்ணையே எழுதுக. வெளிவாயில் வேண்டுவது மன்றம் வகுக்கும் ஒருவர்க்கே. ஏனை மூவரும் உள்ளிருந்து வெளியே செல்பவராதலின் அவர்களை எவரும் மறிப்பதில்லை.

இவ்வளவும் செய்தும் பலர் தோல்வியுறுவர். காரணம், அடுக்ககத்திற்கு வெளியே மற்றுமொரு பெருவாயில் இருத்தல். பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தம் 429 கோடியே. ஆசிய பசிபிக் பகுதிக்கு வைத்திருந்த பொதுக்கையிருப்பு 2011-ம் ஆண்டு ஏப்ரல் 15-ம் நாளோடு இறுதிப் பங்கை எட்டியது. நம் நாட்டில் இணையம் பரந்தது பெரும்பாலும் அதன் பின்னரே. ஊண் குறைந்த வீட்டிற்கு விருந்தினர் திரண்டு வந்தாற்போல் ஆயிற்று. ஆதலின் நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரியை வழங்குகின்றன. இம்முறைக்குச் சிஜிநாட் என்று பெயர். நம் கைப்பேசி வலைகளிலும் இல்லத்தொடர்புகள் பலவற்றிலும் இதுவே வழக்கு. பெருவாயிலின் வாட்ச்மேன் நம் சொல்லைக் கேட்பவர் அல்லர், நிறுவனத்தின் ஊழியர். நம் ரவுட்டரில் எத்துணை வாயில்களைத் திறந்தும் பயனின்றிப் போவது இதனாலேயே.

தம் நிலையை அறிதற்கு ஒரு வழி உண்டு. ரவுட்டரின் பக்கத்தில் அதன் வெளிமுகவரியாகக் காட்டுவதையும், 'என் முகவரி யாது?' என்று வினவினால் இணையதளங்கள் கூறுவதையும் ஒப்பிடுக. இரண்டும் வேறாயின் பெருவாயில் உண்டு. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரியாயின் ஐயமே வேண்டா; அவை இதற்கென்றே 2012-ம் ஆண்டு ஒதுக்கப்பட்டவை. ஒப்பிடுவதை நால்வரும் செய்க. நான்கு ஊர்களில் நான்கு நிறுவனங்கள் இருக்கக்கூடுமாதலின், ஒருவரேனும் பெருவாயிலுக்கு உட்படாதவராயிருத்தல் கூடும். மன்றத்தை அவரிடம் விடுக. எவருமிலராயின், நிலையான முகவரியைத் தனிக்கட்டணத்திற்குத் தரும் நிறுவனம் உண்டா என வினவலாம். புதிய முறை முகவரியாகிய ஐபிவி6 நம் நாட்டில் பரவியிருந்தும் இங்கு உதவாது. டாஸ்பாக்ஸின் ஐபிஎக்ஸ் பழைய முறை எண்களையே அறியும்.

பொருட்செலவின்றி முடிப்பதாயின் ஸீரோடியர் போன்ற மென்பொருளை நாடலாம். நால்வரும் அதனை நிறுவி ஒரே வலையெண்ணில் இணைந்தால், அது நால்வர்க்கும் தனித்தனியே ஒரு பொய்யறை முகவரி தரும். இரண்டு கணினிகளையும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று நோக்கி வெளியே பேசச் செய்வதே அதன் சூழ்ச்சி. இருபுறத்து வாட்ச்மேன்களும் 'இது நம் வீட்டார் வரவழைத்தது' என்று எண்ணி வழிவிடுவர். அம்முயற்சி பலிக்காதபோது நடுநிலைக் கணினியொன்றின் வழியாகச் செய்தியைச் சுமந்து செல்லும். 'கனெக்ட்' கட்டளையில் அப்பொய்யறை முகவரியை எழுதினால் போதும். ரவுட்டரைத் தொடவே வேண்டா. ஆயினும் இங்கு ஒரு நிறுவனத்தின் உதவியை மீண்டும் நாடுகின்றோம் என்பதை மறைத்தல் ஆகாது. கேம்ஸ்பைக்கு நேர்ந்தது இதற்கும் நேரலாம். நேரின், இதனைப் போன்ற வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். ஆட்டம் அதனை அறியவும் அறியாது. வேறுபாடு அதுவே.

மன்றத்தை எவ்வூரில் வைப்பது என்பதும் கருதத்தக்கது. டாஸ்பாக்ஸ் முறையில் மூவர் செய்தியும் மன்றத்திற்குச் சென்றே பிறரை அடையும். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். மேடவாக்கத்திற்கும் பாளையங்கோட்டைக்கும் சாலைவழி ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஆகவே ஒருவழிப் பயணம் மூன்று மில்லி நொடி. டூமின் ஒரு கூறு 28 மில்லி நொடிக்குச் சற்று மிகும். அதில் இது பத்தில் ஒரு பங்கே. வாடகைக் கணினி மலிவாய்க் கிடைக்கின்றதென்று மன்றத்தைச் சிங்கப்பூரில் வைத்தாற் பாருங்கள். 2002-ம் ஆண்டு முதல் சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ-டூ-ஐ கடற்கம்பியின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். செல்ல 16, மீள 16, பாளையங்கோட்டைக்கு 3, ஆக 35 மில்லி நொடி ஒளியின் ஓட்டத்திற்கே செலவாகின்றது. ஒரு முழுக் கூறு கழிந்துவிடும். வழியிலுள்ள கருவிகளின் தாமதம் இதற்கு மேலாம். மேடவாக்கத்தில் வைத்தலே சாலச் சிறந்தது. வீட்டினுள் வைஃபையை விட்டுக் கம்பியால் ரவுட்டரோடு இணைத்தால், மாடிச்சுவர்கள் விளைக்கும் தாமதமும் நீங்கும்.

1997-ம் ஆண்டு டிசம்பர் 23-ம் நாள் டூமின் மூலநிரலை ஆக்கியோரே வெளியிட்டுவிட்டனர். அதனால் டாஸ்பாக்ஸ் இன்றியே இயங்கும் வழித்தோன்றல்கள் பல உள. அவற்றுள் சாக்லெட் டூம் பழைய நடையை மாற்றாது, ஐபிஎக்ஸை மட்டும் விட்டு யூடிபியில் நேரே பேசும். அதன் வாயிலெண் 2342. வாட்ச்மேன்களைப் பற்றி மேலே கூறியவெல்லாம் அதற்கும் பொருந்தும்.

ஆட்டத்தின் நடுவே 'கன்ஸிஸ்டென்ஸி ஃபெயிலியர்' என்று காட்டி டூம் நின்றுவிடின், நான்கு உலகங்களுள் ஒன்று வேறுபட்டுவிட்டது என்று பொருள். பெரும்பாலும் ஒருவரிடம் வேறு பதிப்போ வேறு களக்கோப்போ இருக்கும். நால்வரும் 1.9 என்னும் பதிப்பையே வைத்துக்கொள்க. ஒருவர் தம்முடையதை ஏனையோர்க்கு அனுப்பிவிட்டால் ஐயமில்லை. முதற்காண்டத்தை அங்ஙனம் அனுப்புவதில் உரிமைத்தடையும் இல்லை. முடிந்தபின் மன்றம் வகுத்தவர் 'ஐபிஎக்ஸ்நெட் ஸ்டாப்சர்வர்' என்று தட்டி, ரவுட்டரில் திறந்த வாயிலையும் அன்றிரவே அடைத்துவிட வேண்டும். நமக்காகத் திறந்த வழியில் அயலார் தட்டிப்பார்க்க நெடுநேரம் ஆகாது.